சூட்டியின் கால்விரலும் வின்சன்டின் ஓங்காளமும்

வின்சன்டின் வீட்டில் ஒரு கிழமையாக ஏதோ செத்து நாறிக்கொண்டிருந்தது. எலியாகத்தான் இருக்கும் என்று அலுமாரிகளை இழுத்துப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே தும்புத்தடியை விட்டுத் துழாவினார். குசினிக் கானுக்குள் குளோரின் தூளைக் கொட்டி நாலு வாளி தண்ணீர் ஊற்றினார். நாற்றம் போகவில்லை. விறாந்தைக் கதிரையில் பிளேன்ரீயோடு போய் இருந்தால், இனிப்பும் அழுகலும் கலந்த அந்த வாடை கோப்பைக்குள்ளேயே வந்து விழுந்தது. ஒரு மிடறு குடிக்க முடியவில்லை. தேநீரைப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு எழும்பினார்.

பக்கத்து வளவில் றுக்கியா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு மதில். வின்சன்ட் மூக்கைப் பொத்தியபடி மதிலடிக்குப் போனார்.

“ராத்தா, குறை நினைக்காதேங்கோ. உங்கட பக்கம் மீன் கழிவு ஏதும் தாட்டனீங்களோ?”

றுக்கியா கையிலிருந்த துவாயை உதறிக் கொடியில் போட்டார்.

“மீன் கழிவெண்டா மீன் மணம் வரும், தம்பி. இது சீழ் மணம். நானும் மூணு நாளாப் பாக்கிறன். உங்கட நாயிட முன்னங்காலப் போய்ப் பாருங்க.”

றுக்கியா ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்டில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வெடுத்தவர். சீழின் மணத்தை வேறொன்றோடு மாற்றிச் சொல்லக்கூடிய ஆளில்லை.

இந்தக் கதையில் பாதியை வின்சன்ட் எனக்குச் சொன்னார். மற்றப் பாதியை, அவர் சொல்ல வெட்கப்பட்ட பாதியை, றுக்கியா சொன்னார். ஓர்ஸ் ஹில்லில் அவர்களுடைய ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி என் வீடு.

வின்சன்டை இங்கே கந்தோர்களில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறார். வெள்ளை சேர்ட், நகம் ஒட்ட வெட்டிய விரல்கள், மேசையில் எப்போதும் ஒரு போத்தல் கை கழுவும் மருந்து. அருவருப்பு அவருக்குப் பிறவிக் குணம். தாளைப் புரட்ட நாக்கில் விரலைத் தொடுகிற ஆளைக் கண்டால் வயிற்றைப் புரட்டும். ‘எச்சில் தொட்டுத் தாள் புரட்ட வேண்டாம்’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கலியாண வீட்டில் சாப்பிட மாட்டார். பெரிய வெள்ளியன்று கோயிலில் எல்லாரும் வரிசையில் போய் முத்தி செய்கிற சிலுவைப் பாதத்தில் அவர் வாய் வைத்ததில்லை. குனிந்து, வைத்ததுபோல் காட்டிவிட்டு நிமிர்ந்துவிடுவார்.

அப்படிப்பட்டவரிடம் நாய் எப்படி வந்தது என்றால், மகள் நிரோஷினி கொண்டுவந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் உப்புவெளியில் ஒரு விடுதிக்குப் பின்னால் கிடந்த குட்டியைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக் கொண்டு வந்து, சிங்களத்தில் சின்னதைக் கூப்பிடுகிற மாதிரி ‘சூட்டி’ என்று பெயர் வைத்தாள். சூட்டி வளர்ந்து ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு வந்த பிறகும் பெயர் மாறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நிரோஷினி வேலைக்கு டுபாய்க்குப் போனாள். “அப்பா, சோறு மட்டும் வையுங்கோ, காணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வின்சன்ட் சோற்றை மட்டும் வைத்தார். நீளக் காம்புள்ள அகப்பையால் போட்டு, தட்டைக் காலால் தள்ளிவிடுவார். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அந்த நாயைக் கையால் தொட்டதில்லை.

அன்றைக்குப் போய்ப் பார்த்தார். கிணற்றடிக்குப் பக்கத்தில் சூட்டி படுத்திருந்து வலது முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. சளக், சளக் என்று ஈரச் சத்தம். அந்தச் சத்தமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நடு விரல் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு பருத்து, நகம் ஒரு பக்கம் தள்ளுப்பட்டு, அடியிலிருந்து கறுப்பும் சிவப்புமாய்ச் சதை பூக்கோவா மாதிரி வெளியே வந்திருந்தது. அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து சீமெந்தில் ஒட்டியிருந்தது. இலையான் மொய்த்தது. நாய் நிமிர்ந்து அவரைப் பார்த்து, அதே நாக்கால் மூக்கை ஒரு தரம் துடைத்தது.

வின்சன்ட் வாழையடிக்கு ஓடினார்.

மிருக வைத்தியர் லோஜினியின் கிளினிக்குக்கு நாயை ஓட்டோவில் கொண்டுபோனார். ஓட்டோக்காரர் சீற்றில் நாலு பேப்பர் விரிக்கச் சொன்னார். நாய் தானாகவே ஏறியது, நல்ல காலம். லோஜினி முப்பது வயதுப் பெண், கையுறை போட்ட கையால் அந்த விரலை அமத்திப் பார்த்தார். சீழ் எட்டிப் பாய்ந்து மேசையில் விழுந்தது. வின்சன்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, இது வெறும் புண் இல்ல. நகத்துக்குக் கீழ ஒரு வளர்த்தி. எலும்புக்கும் போயிற்றுது. விரலை எடுக்க வேணும்.”

“விரலை…”

“ஓம், அடியோட. துண்டைப் பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பம். பயப்பிடாதேங்கோ, ஒரு விரல் இல்லாட்டியும் நல்லா நடக்கும். ஆனா பிறகு வீட்டில பாக்கிறதுதான் பெரிய வேலை. ஆர் பாப்பினம்?”

“நான்தான்” என்றார் வின்சன்ட். வேறு யார் இருக்கிறார்கள்?

விரலை எடுக்க வேண்டும் என்ற சொல்லை அவர் கேட்பது இது முதன்முறை இல்லை. எட்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி அருள்மலருக்குச் சீனி வருத்தத்தில் கால்விரல் கறுத்தபோது இதையே சொன்னார்கள். எடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒவ்வொரு நாளும் புண்ணைக் கழுவி மருந்து கட்ட வேண்டியிருந்தது. பத்தொன்பது வயது நிரோஷினிதான் அதைச் செய்தாள். வின்சன்ட் அறை வாசலில் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, “சாப்பிட்டனீரோ?” என்று கேட்பார். உள்ளே போகமாட்டார். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். அருள்மலருக்கு விளங்கிவிட்டது. அவர் கடையால் வரும் நேரமாகப் பார்த்து, “கதவைச் சாத்திவிடு பிள்ளை, அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது” என்று மகளிடம் சொல்வாராம். ஐந்து மாதத்தில் புண் மேலேறி, காய்ச்சல் வந்து, அருள்மலர் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு வின்சன்ட் அந்த அறைக்கு வெள்ளை அடிப்பித்தார்.

செவ்வாய்க்கிழமை சூட்டியின் விரலை எடுத்தார்கள். அடுத்த நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, காலில் முழங்கைவரை கட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூம்பு. லோஜினி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: இரண்டு நாளுக்கு ஒரு தரம் கட்டை மாற்ற வேண்டும். கட்டு நனையக்கூடாது. வெளியே விடும்போது மட்டும் காலுக்குப் பை போட்டு, உள்ளே வந்ததும் கழற்ற வேண்டும். நக்க விடக்கூடாது. இரண்டு கிழமையில் தையல் வெட்டலாம்.

கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஞானசேகரம் விஷயம் கேட்டுவிட்டு, தேநீர் குடித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார்.

“உதோட என்னத்துக்கு மாயுறீங்கள்? ஒன்பது வயசு நாய். ஓட்டோவில ஏத்திக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கம் இறக்கிவிட்டா, மீன் தலையைத் திண்டு கிடக்கும். மகளுக்குச் செத்துப்போச்செண்டு சொல்லுங்கோ. அங்க இருந்து வந்து பாக்கவே போறா?”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பல்லிடுக்கில் வடைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. வின்சன்டுக்கு அந்த வாயைப் பார்க்கவே குமட்டியது. எழும்பி உள்ளே போய்க் கையைக் கழுவினார். கழுவும்போதுதான் தெரிந்தது, குமட்டுவது ஞானசேகரத்தால் மட்டுமில்லை. முதல் நாள் மத்தியானம் கிளினிக் கதிரையில் காத்துக்கொண்டிருந்தபோது, இதே யோசனை, இதே சந்தை, இதே பொய் அவருக்கும் வந்துபோயிருந்தது. மீன் தலையைக்கூட அவர் நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமைதான் கட்டை முதன்முதலாக மாற்ற வேண்டிய நாள். வாங்கி வைத்த கோஸ் துணி, சேலைன் போத்தல், கையுறைப் பெட்டி எல்லாவற்றையும் விறாந்தையில் பரப்பினார். கட்டின் நுனியைப் பிடித்தார். உள்ளேயிருந்து மருந்தும் இரத்தமும் கலந்த வெதுவெதுப்பான ஒரு மணம் வந்தது. ஒரு சுற்றுக்கூட அவிழ்க்கவில்லை. ஓங்காளித்துக்கொண்டு எழும்பிவிட்டார். நாளைக்குச் செய்வோம், ஒரு நாளில் என்ன வந்துவிடப்போகிறது?

சீமெந்துத் தரையில் ஆங்காங்கே நாய் பதித்த சிவப்புப் பொட்டுகளும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஷொப்பிங் பையை எடுத்துக் காலில் மாட்டி, றப்பர் வளையம் போட்டுவிட்டார். தரை சுத்தமாக இருந்தது. பையைக் கழற்றினால் திரும்பப் பொட்டு விழும் என்பதால் கழற்றவில்லை. சனி போனது. ஞாயிறு பூசைக்குப் போய்வந்தார். லோஜினி கைபேசியில் கேட்டதற்கு, “மாத்தினனான் டொக்டர், நல்லாயிருக்கு” என்றார்.

அன்று பின்னேரம் நிரோஷினி வீடியோவில் வந்தாள்.

“கட்டு மாத்தினீங்களோ அப்பா?”

“ஓம், மாத்தினனான்.”

“ஒருக்காக் காட்டுங்கோ, பாப்பம்.”

“அது நித்திரை கொள்ளுது.”

அவள் மெதுவாக, கோபம் ஒன்றுமில்லாமல் சொன்னாள்:

“ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்கோ அப்பா. நான் ஆரையும் பிடிச்சுத் தாறன். உங்களால ஏலாதெண்டு எனக்குத் தெரியும்தானே. அம்மாவுக்கும் நான்தானே கட்டினனான்.”

“நான் மாத்தினனான் எண்டு சொல்லுறன்!” என்று கத்திவிட்டு வின்சன்ட் இணைப்பைத் துண்டித்தார்.

திங்கள் காலை விறாந்தையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது. நாய் சாப்பிட்ட இடத்துக்குத் தள்ளிக் கிடந்ததால், அதை எடுத்துப் போட ஒரு தாளோடு குனிந்தார். பருக்கை நெளிந்தது.

இன்னொன்று, ஒரு சாண் தள்ளி. அதற்கப்பால் மூன்றாவது. அவை போன வழியே பார்த்துக்கொண்டு போனால் சூட்டியின் காலில் முடிந்தது. கூம்பைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து வளைத்து, நாய் எப்படியோ பையின் முனையைக் கடித்துத் துளைத்திருந்தது. துளை வழியாக இலையான் போய் வந்துகொண்டிருந்தது. பைக்குள் வேர்த்து, கட்டு ஊறி, பழுப்பு நிறத்தில் கஞ்சி மாதிரி ஒன்று அடியில் தேங்கியிருந்தது. நாற்றம் பழைய நாற்றம்தான், ஆனால் பத்து மடங்கு. சூட்டி தலையைத் தூக்கவில்லை. வாலை மட்டும் ஒரு தரம் தரையில் அடித்தது.

லோஜினியை அழைத்தார். அவர் மூதூர்ப் பக்கம் மாடு பார்க்கப் போயிருந்தார்.

“டொக்டர், நான் பொய் சொன்னனான். கட்டு மாத்தேல்ல. இப்ப புழு வந்திட்டுது.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “நான் கிளினிக்குக்கு வர நாலு மணியாகும், ஐயா. அதுமட்டும் விட ஏலாது, உள்ளுக்குத் திண்டுகொண்டு போயிரும். கட்டை வெட்டி எடுங்கோ. சேலைனால நல்லாக் கழுவுங்கோ. கண்ணுக்குத் தெரியிற புழு எல்லாத்தையும் இடுக்கியால எடுங்கோ. மண்ணெண்ணெய், ரேப்பந்தைன் ஒண்டும் ஊத்திப்போடாதேங்கோ. நாலு மணிக்குக் கொண்டுவாங்கோ.”

வின்சன்ட் மதிலடிக்குப் போனார். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை.

“ராத்தா…” என்றார்.

றுக்கியா அவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு மதிலுக்கு மேலால் நாயைப் பார்த்தார். உள்ளே போய், பழைய மழைக்கோட்டு ஒன்றைப் போட்டு, கையுறை மாட்டி, ஒரு கட்டில் விரிப்போடும் சின்ன இடுக்கியோடும் கேற்றால் சுற்றி வந்தார்.

“ராத்தா, நீங்கள் நாயைத் தொடலாமோ? உங்கட மார்க்கத்தில…”

“அத நான் பாத்துக்கிறன். தண்ணி வாளியும் உப்புப் போட்ட ரின் ஒண்டும் எடுங்க.”

விரிப்பால் நாயைச் சுற்றி, தலையைத் தன் தொடையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு றுக்கியா தரையில் குந்தினார். இடுக்கியை வின்சன்டிடம் நீட்டினார்.

“நானோ? நீங்கள்தானே பழகின ஆள்!”

“என்ட கண்ணில வெள்ள படர்ந்திரிக்கு. இந்தச் சின்னது எனக்குத் தெரியாது. நான் புடிக்கிறன், நீங்க எடுங்க.”

கத்தரிக்கோலால் பையை வெட்டினார். கட்டை வெட்டினார். கடைசிச் சுற்றுக் கோஸ் சதையோடு ஒட்டியிருந்தது. சேலைனை ஊற்றி ஊற ஊற இழுக்க, அது ஒரு வழுவழுப்போடு கழன்று வந்தது. தையல் இரண்டு விட்டிருந்தது. பிளந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாய் நுனிகள், எல்லாம் சேர்ந்து மூச்சு விடுவதுபோல அசைந்தன.

வின்சன்ட் எழும்பி ஓடி வாழையடியில் சத்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“எடுங்க” என்றார் றுக்கியா.

முதலாவதை இடுக்கியால் பிடித்தார். அது நசிந்தது. இரண்டாவதைப் பிடித்து இழுக்க, நினைத்ததைவிட நீளமாக வந்தது. உப்பு ரின்னுக்குள் போட்டார். திரும்பவும் வாழையடி. இந்த முறை வெறும் தண்ணீர்தான் வந்தது. மீண்டும் வந்து குந்தினார். நாய் முனகியது, கடிக்கவில்லை. அதன் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. வின்சன்டின் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வழிந்து உதட்டுக்குள் போனது. துடைக்கக் கையில்லை.

“ஆழத்தில ஒண்டு நிக்குது ராத்தா. பிடிபடுதில்ல.”

“தண்ணி ஊத்துங்க. மூச்செடுக்க மேல வரும். வரேக்க புடிங்க.”

ஊற்றினார். வந்தது. பிடித்தார். மூன்றாவது தரம் ஓங்காளம் வந்தபோது எழும்பவில்லை. முகத்தைத் தோளுக்குள் திருப்பி, இருமி, காறி, திரும்பவும் புண்ணுக்குள் பார்த்தார். முக்கால் மணித்தியாலம் போனது. பத்தொன்பது புழு. றுக்கியா ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். வார்டில் பஞ்சு எண்ணிய பழக்கம்.

கழுவி, ஈரம் ஒற்றி, புது கோஸ் சுற்றிய பிறகு றுக்கியா கிணற்றடிக்குப் போனார். நாயின் எச்சில் கையுறைக்கு மேலால் முழங்கையில் பட்டிருந்தது. பூச்சட்டியிலிருந்து கொஞ்ச மண்ணை எடுத்துத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் கழுவினார். பிறகு வெறும் தண்ணீரால் ஆறு தரம், அவசரப்படாமல். மழைக்கோட்டையும் அப்படியே அலசிப் போட்டார். பக்கத்தில் வின்சன்ட் சவர்க்காரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். கை சிவந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

“தம்பி, காணும். தோல் உரியப்போகுது.”

“மணம் போகுதில்ல ராத்தா.”

“எங்களுக்கு ஏழு தரம் எண்டு ஒரு கணக்கு இரிக்கு. ஒரு தரம் மண்ணோட. ஏழு முடிஞ்சா முடிஞ்சுது, பிறகு அதப் பத்தி யோசிக்கிறதில்ல. உங்களுக்குத்தான் எத்தன தரம் கழுவினாலும் முடியிறதில்ல.”

வின்சன்ட் சவர்க்காரத்தை வைத்தார்.

“அருள்மலரிட காலை நான் ஒரு நாளும் பார்க்கேல்ல, ராத்தா. ஒரு நாள்கூட.”

“தெரியும்” என்றார் றுக்கியா. “வார்டில மருந்து கட்டேக்க நான்தானே நிண்டன். நீங்க படிக்கட்டில நிப்பீங்க. அவ கேப்பா, அவர் போயிட்டாரா எண்டு. இரிக்காரு எண்டு சொன்னா, இஞ்ச வரச் சொல்ல வேணாம் எண்டுவா.”

அதைச் சொல்லிவிட்டு றுக்கியா தன் வீட்டுக்குப் போய்விட்டார். வின்சன்ட் படியில் இருந்து வெகுநேரம் அழுதார் என்று எனக்குச் சொன்னது றுக்கியாதான். வின்சன்ட் தன் வாயால் சொன்னது ஒன்றுதான். “என்னையே எனக்கு மணத்துது” என்றார்.

நாலு மணிக்கு லோஜினி புண்ணைத் துருவிப் பார்த்து இன்னும் இரண்டு புழுவை எடுத்தார். திரும்பத் தைக்க முடியாது, திறந்த புண்ணாகவே ஆற வேண்டும், இனி இரண்டு நாளுக்கு ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு நாளும் கழுவிக் கட்ட வேண்டும் என்றார். திட்டவில்லை. “நாளைக்கு ஒருக்கா, நாளையிண்டைக்கு ஒருக்கா எனக்குப் படம் அனுப்புங்கோ” என்று மட்டும் சொன்னார். வின்சன்ட் மகளுக்கும் அழைத்து உள்ளதைச் சொன்னார். நிரோஷினி புழு என்றதும் அழுதாள். பிறகு, “ஆர் எடுத்தது?” என்று கேட்டாள். “நான்தான்” என்றதும் நம்பாமல் றுக்கியா மாமியிடம் கைபேசியைக் கொடுக்கச் சொன்னாள்.

அதன் பிறகு ஆறு கிழமை. அருவருப்பு வின்சன்டை விட்டுப் போனது என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு நாள் காலையும் ஆறரைக்கு, கடைக்குப் போக முதல், அவர் வெறும் வயிற்றில்தான் கட்டை அவிழ்ப்பார். சாப்பிட்டுவிட்டுச் செய்தால் நிற்காது. முதல் கிழமை தினமும் சத்தி. கட்டில் ஒட்டியிருக்கும் பச்சைக் கறையைப் பார்த்து, நல்ல பச்சையா கெட்ட பச்சையா என்று மணந்து பார்க்க வேண்டும் என்று றுக்கியா சொல்லிக்கொடுத்தபோது, “மணக்கவோ!” என்று மதிலைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் மணந்தார். குளிசையை மீன் சோற்றுக்குள் உருட்டி வைத்தால் சூட்டி மீனைத் தின்று குளிசையைத் துப்பிவிடும். துப்பியதை எடுத்து, வாயைத் திறந்து, நாக்கின் அடிக்கு விரலால் தள்ள வேண்டும். அந்த நாக்கின் சூடும் கொழகொழப்பும் பகல் முழுக்க விரலில் நின்றது என்றார். கடையில் ஆட்களுக்கு மிச்சக்காசு கொடுக்கும்போதுகூட அந்த விரலை மடக்கி வைத்துக்கொள்வாராம்.

கூம்பு போட்ட நாய் தண்ணீர்க் கோப்பையைத் தட்டி ஊற்றும். கட்டு நனையும். திரும்ப மாற்ற வேண்டும். வெளியே கூட்டிப்போக, கிளினிக்கில் வாங்கிய வெறுமையான சேலைன் பையை வெட்டிக் காலுறை மாதிரி மாட்டினார். உள்ளே வந்த அடுத்த நிமிடமே கழற்றினார். மறக்கக்கூடாதென்று வாசலிலேயே ஒரு ஆணி அடித்து அதில் கொழுவினார். அடக்கி வைத்திருக்க முடியாமல் சூட்டி ஒரு நாள் கூடத்துக்குள்ளேயே கழிந்து வைத்து, கூம்பால் அதை அள்ளிச் சுவரெல்லாம் பூசியது. வின்சன்ட் அன்று கடை திறக்கவில்லை. “நாய்ப் பிறப்பே!” என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு சுவரைக் கழுவினார். கழுவி முடித்துவிட்டுக் கட்டை மாற்றினார்.

மூன்றாம் கிழமை புண்ணின் அடியில் சிவப்பாய்ச் சின்னச் சின்ன மணிகள் எழும்பின. வின்சன்டுக்கு அது புதுப் பயம். படத்தைப் பார்த்து லோஜினி, “இது நல்ல சதை, ஐயா! ஆறுது!” என்று எழுதினார். அதை றுக்கியாவுக்கு வாசித்துக் காட்ட மதிலடிக்கு ஓடினார். றுக்கியா கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, “மாதுளம்பழம் மாதிரி இரிக்கு” என்றார். “சாப்பாட்டுச் சாமானோட ஒப்பிடாதேங்கோ ராத்தா” என்று வின்சன்ட் முகத்தைச் சுளித்தார். இனி வாழ்நாளில் மாதுளம்பழம் தின்ன முடியாது.

ஐந்தாம் கிழமை பேராதனையிலிருந்து முடிவு வந்தது. வளர்த்தி கெட்டதுதான், ஆனால் வெட்டிய ஓரத்தில் மிச்சம் எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் லோஜினி. ஞானசேகரம் கேட்டபோது, “நாய் நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னார் வின்சன்ட். இப்போதெல்லாம் அந்த ஆளோடு தேநீர் குடிப்பதில்லை.

ஏழாம் கிழமை கூம்பைக் கழற்றலாம், கொஞ்சத் தூரம் நடக்க விடலாம் என்று சொல்லியாயிற்று. ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து, சூட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்துறைமுகக் கரைக்கு இறங்கினார். நானும் அன்றைக்கு அங்கே நின்றேன். வற்றுக் கடல். சேறும் பாசியும் மணத்தன. நாய் முதலில் நொண்டியது. பிறகு மணல் கண்டதும் நொண்டலை மறந்துவிட்டது. வலது முன்னங்காலில் ஒரு விரல் இடைவெளி விட்டு அகலமாய் ஒரு தடம் பதிந்துகொண்டே போனது. வின்சன்ட் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் கயிறு கையிலிருந்து வழுகியது.

பாசிக் குவியலுக்குப் பக்கத்தில் ஊதிப் புடைத்து, வெயிலில் வெடித்துக் கிடந்தது ஒரு பேத்தை மீன். சூட்டி அதைக் கண்டது, ஒரு தரம் மணந்தது, தோளை மடித்து அதற்கு மேலே விழுந்து புரளத் தொடங்கியது. முதுகு, கழுத்து, காதடி, ஒன்றும் மிச்சமில்லை. நாலு காலும் வானத்தைப் பார்க்க, வாயைப் பிளந்துகொண்டு, சந்தோசத்தில் ஒரு சத்தம் வேறு போட்டது.

“ஐயோ, சனியனே! விடு! விடு!”

வின்சன்ட் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். மணம் எனக்கே இருபது கெஜத் தூரத்தில் அடித்தது. அவர் ஓங்காளித்தார், துப்பினார், வெள்ளைக் களிசானை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு நாயை இழுத்துக் கடலுக்குள் இறங்கினார். கையுறை இல்லை. வெறுங்கையால் அதன் கழுத்து மயிருக்குள் விரலை விட்டுக் கோதி, ஒட்டியிருந்த மீன் குடலை இழுத்து எறிந்தார். நாய் உதறியது. எல்லாம் அவருடைய சேர்ட்டில்.

“இஞ்ச பாருங்கோ, இதைப் பாருங்கோ” என்று என்னிடம் கத்தினார். “இதுக்குத்தான் நான் ரெண்டு மாதம் கிடந்து இழுபட்டனான்!”

பிறகு குனிந்து வலது முன்னங்காலைத் தூக்கினார். விரல்களுக்கு இடையில் மண்ணும் செதிலும் அப்பியிருந்தன. அவற்றைப் பெருவிரலால் வழித்துவிட்டு, தழும்பு விரிந்திருக்கிறதா என்று முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தபடி இரண்டாம் முறையும் பார்த்தார். சூட்டி அவருடைய காதை நக்கியது.

“சீ!” என்றார் வின்சன்ட், காலை விடாமல்.